தறிக்குழியைப் பார்த்த குழந்தை

போன வருடம் பங்குனி அமாவாசையன்று மத்தியானம், ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டில் நடந்தது இது.

நான் நர்ஸ். பிறவிக் குறையோடும் வளர்ச்சிக் குறைபாட்டோடும் இருக்கிற குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. மூக்கு வழியாகப் பால் போகும் குழாயைச் சரிபார்ப்பேன், கை கால்களை நீட்டி மடக்கப் பழக்குவேன், வலிப்பு மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பேன். நடுவில் அம்மாக்கள் அழுதால் கூடவே உட்கார்ந்திருப்பேன். ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் பிணவறையை ஒட்டிய வார்டில் வேலை பார்த்தவள் நான். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் கிண்டலடித்தே வாயை மூட வைத்துவிடுவேன். அந்தத் திமிர் அன்றைக்கு அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அமாவாசையன்று அந்தத் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். மற்ற நாளில் தெருமுனையிலேயே சத்தம் காதை அடைக்கும். அன்று என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. வெயில் கொளுத்தியது, ஒரு நாய்கூட வெளியில் இல்லை. அந்த வீட்டு வாசலில் மட்டும் ஒரு வாடகைக் கார் நின்றது. டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுப் பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்து சில மாதம் இருக்கும். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவள். அதோடு தலையில் நீர் சேரும் கோளாறும் உண்டு. அந்த நீரை வயிற்றுக்கு இறக்குவதற்காக, பிறந்த கொஞ்ச நாளிலேயே வேலூரில் ஆபரேஷன் செய்து தோலுக்கு அடியில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் தடவினால் விரலில் தட்டுப்படும். அவளுக்கு இன்னும் தானாக உட்கார வரவில்லை. ஆனால் மகா வாலு. அதற்கு முந்தைய தடவை நான் போனபோது என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி, திருப்பித் தரமாட்டேன் என்று ஒரே அழிச்சாட்டியம்.

அன்று உள்ளே போனதும் யாரும் "வாங்க சிஸ்டர்" என்று சொல்லவில்லை. வெயிலிலிருந்து வந்த எனக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு தறி தெரிந்தது. அவர்களுடையது குழித்தறி. தரையில் குழி வெட்டி, நெய்பவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். குழியின் ஓரத்தில் தலையணையில் சாய்த்துப் பாப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள், கால் குழியைப் பார்க்க. குழிக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்து அவள் தாடையில் விழுந்தது. அவள் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி பாக்குற அங்க?" என்றேன் விளையாட்டாக.

"அவ அக்காவ பாக்குறா சிஸ்டர்" என்றாள் அம்மா.

இவளுக்கு முன் ஒரு பெண் பிறந்து, அன்றே போய்விட்டது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

சுவரோரம் நின்றிருந்த அப்பா மெதுவாகச் சொன்னார். "நாலஞ்சு நாளா இப்டித்தான் சிஸ்டர். குழிக்குள்ளயே பாத்துகினு இருக்குது. எனக்குக் கால் வெக்கவே மனசு வரல. மிதிய மிதிச்சா அந்தக் கொழந்த மேலயே மிதிக்கிற மாதிரி இருக்குது."

குனிந்து பார்த்தேன். குழிக்குள் ஒரு அகல் விளக்கு, அதன் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குப் போடும் கறுப்பு வளையல் இரண்டு, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பால். அப்பாவின் அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "காலைல ரொப்பி வெச்சேன். பாதி கொறஞ்சிடிச்சி பாருங்க" என்றாள்.

எலி குடித்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது, யாரும் தொடாத அந்த மிதி லேசாக அசைந்தது. காற்று என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த அறையில் ஃபேன்கூட ஓடவில்லை. என் கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. ஓடிப்போய்விடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன்.

அந்த நேரத்தில் பாப்பா அழுதாள். அவளுடைய வழக்கமான அழுகை இல்லை. மெல்லிசாக, உச்சஸ்தாயியில், விட்டு விட்டு வந்தது. அப்பாவின் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் பயம்தான். ஆனால் அந்த அழுகையை வார்டில் வேறு குழந்தைகளிடம் கேட்டிருக்கிறேன் என்பது மட்டும் மண்டையில் உறைத்தது.

குழியைத் தாண்டிப் போய்க் குழந்தையைத் தலையணையோடு தூக்கினேன். தெருக்கதவுப் பக்கம் கால் இருக்கும்படி திருப்பிப் படுக்க வைத்தேன். இப்போது அவள் தெருக்கதவை அல்லவா பார்த்தாள்! சுவர்ப் பக்கம் திருப்பினேன், சுவரின் அடியைப் பார்த்தாள். எப்படித் திருப்பினாலும் பார்வை அவள் கால் பக்கம்தான் போயிற்று. முகத்துக்கு நேராகக் குனிந்தேன். கருவிழி பாதி கீழிமைக்குள் இறங்கி, மேலே வெள்ளையாகத் தெரிந்தது. அவளுக்குப் பிடித்த என் கண்ணாடியைக் கழற்றி உயரே ஆட்டினேன். கண் ஏறவில்லை. உச்சிக்குழியைத் தொட்டேன். விம்மி இறுகியிருந்தது.

"பால் குடிச்சா கக்குதா?"

"ரெண்டு நாளா. எப்பவும் தூங்கிகினே வேற இருக்குறா" என்றாள் அம்மா.

தலையில் வைத்த குழாய் அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். நீர் இறங்க வழியில்லாமல் மூளையை அழுத்திக் கண்ணைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. இதற்குக் குழியில் பேய் இருந்திருந்தாலே தேவலை என்று தோன்றியது எனக்கு.

"உடனே வேலூர் போகணும்" என்றேன்.

வாசலில் நின்ற கார் படவேட்டுக்குப் போவதற்கு. அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு, இறந்துபோன பெரியவளை அமைதிப்படுத்திவிட்டு வரலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். "ஆத்தாள பாத்துட்டு சாயங்காலம் வேலூர் போலாமே சிஸ்டர். அமாவாச தப்பிடிச்சின்னா அப்புறம் பேஜாராயிடும்" என்றாள் அப்பாவின் அக்கா. தேங்காய், பூ வைத்த கூடை அவள் கையில் தயாராக இருந்தது.

"ஆத்தா எங்கயும் போயிட மாட்டாங்க. பாப்பா சாயங்காலம் வரைக்கும் தாங்காதுங்க."

அப்பா அசையவில்லை. அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. பெரியவளைக் கவனிக்காமல் போனால், அவள் சின்னவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அந்த விளக்கையும் பாலையும் பார்த்த பிறகு, அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கே தைரியம் வரவில்லை. விளக்குத் திரி வெடிக்கிற சத்தம் கேட்டது.

அம்மாதான் எழுந்தாள். குழிக்குப் பக்கத்தில் போய் நின்று, உள்ளே பார்த்து, "நீ கோச்சிக்காதடி. இவள காப்பாத்திட்டு வந்துடுறேன்" என்றாள். பிறகு பாப்பாவை வாரி எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வாசலுக்குப் போய் டிரைவரை எழுப்பினாள். "வேலூர் போப்பா. ஜல்தி."

அப்பாவும் பின்னாலேயே வந்து ஏறிக்கொண்டார். கண்ணமங்கலம் தாண்டும்போது பாப்பா இன்னொரு தடவை வாந்தி எடுத்து, அப்புறம் கூப்பிட்டால் முழிக்கவே இல்லை. நான் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுத் தகவல் சொல்லிவிட்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பாவின் அக்கா முன் சீட்டில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க ஆத்தாளைக் கூப்பிட்டாள். அன்று அது எனக்கும் வேண்டியிருந்தது.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கண் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்பதுதான். பல வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் வராது. "இப்பத்தான் பார்த்தோம்" என்பார்கள். இந்த அப்பா தன் கையை நீட்டி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை காட்டினார்.

"முந்தி முடிச்சி சேல ஒடம்பு ஆரம்பிக்கறப்போ நல்லா என் மூஞ்சிய பாத்து சிரிச்சிது சார். மொத முழம் நெய்றதுக்குள்ள கண்ணு எறங்கிடிச்சி. ஆனா கூப்டா மேல பாக்கும். ரெண்டாவது முழத்துல கூப்டாலும் சரியா பாக்கல. மூணாவதுல சுத்தமா இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். பயத்தில் கை ஓடாத அந்த நாட்களில் ஒரு நாளைக்கு எவ்வளவு நெய்தார் என்று அப்பாவிடம் கேட்டு, அதை நாள் கணக்காக மாற்றிச் சொன்னேன். அன்று பொழுது சாய்வதற்குள் ஆபரேஷன் முடிந்தது. குழாய் அடைத்துத்தான் இருந்தது. மாற்றிவிட்டார்கள்.

மறுநாளுக்கு மறுநாள் வார்டுக்குப் போனேன். அம்மா கட்டிலோரம் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். "என்னையே பாக்குறா சிஸ்டர்" என்றாள் கிசுகிசுப்பாக. பாப்பாவின் கண் நேராக அவள் முகத்தில் இருந்தது. சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல், அசையப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள் அந்த அம்மா. நான் தலையை ஆட்டியதும்தான் உடைந்து அழுதாள். நானும்தான்.

அவர்கள் நினைத்த காரணம் தப்பாக இருக்கலாம். ஆனால் ஒரு முழம் நெய்து முடிப்பதற்குள் குழந்தையின் பார்வை எங்கே இறங்கியது என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது. பயந்தாலும் அவள்மேல் வைத்த கண்ணை யாரும் எடுக்கவில்லை. இப்போதும் நான் பல வீடுகளுக்குப் போகிறேன். சில வீடுகளில் இப்படிப்பட்ட குழந்தை ஒரு மூலையில் கிடக்கும், அதன் கண் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள். எனக்கு இப்போதெல்லாம் பயம் வருவது அந்த வீடுகளில்தான்.