ஒலிபெருக்கியில் இருப்பவள்

பதினோரு வருடங்கள். அவ்வளவு காலமும் அவள் வீட்டில் இருந்தாள். அவளுடைய குரல் மட்டும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தது.

அறிவிப்பாளராக இருந்தபோது நிலையத்தில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். வேலையை விட்ட கடைசி வாரத்தில் ஊர்ப்பெயர்கள், மணிக்கணக்கு, நடைமேடை எண்கள் எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் பேசிப் பதிந்து கொடுத்தாள். இயந்திரம் அவற்றைக் கோத்து வாக்கியமாக்கிக்கொள்ளும். அப்போது வயிற்றில் மூன்று மாதம். குமட்டலை அடக்கிக்கொண்டு பேசியதில் ‘நான்காவது நடைமேடை’க்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அவளுக்கு மட்டும் அது கேட்கும்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்தபடியே நிலையத்தின் கூரையைப் பார்த்து “அம்மா” என்று கை நீட்டுவாள். முதலில் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டாள். மேலே இருப்பவளுக்குத் தொண்டை கட்டுவதில்லை, தூக்கம் கெடுவதில்லை, வயது ஏறுவதில்லை.

மகள் வளர்ந்ததும் வேலை தேடினாள். போன இடமெல்லாம், “இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்ற கேள்வியோடு திரும்பி வந்தாள். அப்போதுதான் நிலைய மேலாளர் அழைத்தார். ஏழாவது, எட்டாவது நடைமேடைகள் கட்டி முடிந்திருந்தன. பழைய பதிவு ஆறோடு நின்றுவிட்டது.

“ரெண்டே ரெண்டு துண்டும்மா. பழைய குரலோட பொருந்திச்சுன்னா அறிவிப்பு அறையில மெஷினை இயக்குற வேலை உங்களுக்கு. பொருந்தலேன்னா கம்ப்யூட்டர் குரல் போட்டுருவோம். அப்புறம் ஆளே வேணாம்.”

முதல் முயற்சியிலேயே ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் சின்னப் பொண்ணு மாதிரி பேசுங்களேன்.”

“எந்தச் சின்னப் பொண்ணு?”

“நீங்கதான்.”

ஒரு வாரம் கெடு கொடுத்தார்கள். பழைய அறிவிப்புகளைச் செல்போனில் பதிந்துகொண்டு வந்து, பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அவற்றின் பின்னாலேயே பேசிப் பழகினாள்.

“சமையக்கட்டுல எந்த வண்டி வருது?” என்று கணவர் கேலி செய்தார். “எனக்கு ஜன்னலோர சீட்டு வேணும், சொல்லிட்டேன்.”

வாரக் கடைசியில் குரல் வந்துவிட்டது. அன்று மாலை மகளை, “சாப்பிட வா” என்று கூப்பிட்டாள். அவள் முயலாமலே அது அந்தக் குரலில் வந்தது. மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அந்த அக்காவ வீட்டுக்குள்ள கூட்டிட்டு வராதம்மா.”

“அடியே, அது நான்தாண்டி.”

“இல்ல. அது நான் பொறக்கறதுக்கு முன்னாடி இருந்தவ. அவளுக்கு என்னைத் தெரியாது.”

இரண்டு துண்டுகளையும் பதிந்து கொடுத்தபின் நடந்த சோதனை ஓட்டத்தின்போது நடைமேடையில் கூட்டம் அலைமோதியது. ஒலிபெருக்கி பேசியது. ‘ஏழாவது’ வந்தபோது ஒரு தலைகூட நிமிரவில்லை.

“ஒட்டுப்போட்ட இடமே தெரியலையேம்மா!” என்றார் மேலாளர்.

அவளுக்கும் தெரியவில்லை. நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். மேலே இருந்தவளின் குரல் வெளியே வந்தது. இருமிப் பார்த்தாள். மறுபடியும் அவளே. சற்று நேரம் கழித்துத்தான் தன் கரகரப்பு திரும்பியது. திரும்பியதும் முதலில் சொன்னது இதைத்தான்:

“சார், முழுசையும் புதுசா பேசித் தரேன். இப்ப இருக்கிற தொண்டையில.”

“அதான் பொருந்திடுச்சே, எதுக்கு வம்பு?”

“பொருந்தினதுதான் சார் பயமா இருக்கு.”

மேலாளர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “திங்கக்கிழமை திறப்பு விழா. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியலேன்னா கம்ப்யூட்டர்தான். கையில இருக்கிற வேலையும் போயிடும். யோசிச்சுக்கோங்க.”

“யோசிச்சாச்சு சார்.”

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தாள். ஊர்ப்பெயர்கள் சரசரவென்று ஓடின. ‘நான்காவது’ வந்தபோது மூச்சு விழுந்தது. “அக்கா, மூச்சு” என்றார் ஒலிப்பதிவாளர். மறுபடி சொன்னாள். மறுபடி விழுந்தது. தண்ணீர் குடித்தாள், அந்தப் பழைய குமட்டல் தொண்டை வரை ஏறி வந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, மகளை அதட்டும் குரலில் ஒரே மூச்சாகச் சொல்லி முடித்தாள்.

“இது போதும்க்கா. பழசை என்ன பண்றது? ஞாபகத்துக்கு ஒரு காப்பி எடுத்துத் தரவா?”

“வேணாம். அழிச்சிருங்க.”

வெளியே வந்தபோது நடைமேடைகளில் இன்னும் அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள், இளமையாக, யாரையும் தெரியாமல். இவள் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தாள். வாசலைத் தாண்டியும் அந்தக் குரல் கூடவே வந்தது.

இன்றைய கடைசி வண்டி போனதும் பழைய பதிவை அழித்துவிடுவார்கள். நாளை காலை ஷிப்ட் இவளுக்கு. ஆறு மாத ஒப்பந்தம். மகளைக் கணவர் பள்ளியில் விடுவார்.