ஒரு முறம் தவிடு

யாராவது பேர் கேட்டால், தவிட்டம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லுவாள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு மடிக்கிற வேலைக்குப் போன முதல் நாளே, "மாட்டுக்கு வெச்சது போக மிச்சமா புள்ள?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்க, மொத்தக் கூட்டமும் சிரித்தது.

அவளுக்கு முன் பிறந்த மூன்றும் தொட்டிலைத் தாண்டவில்லை. நான்காவதாக இவள் பிறந்ததும், தாய் பழனாத்தாள் குழந்தையைத் தூக்கிப்போய் எதிர்வீட்டு குல்சார் பேகத்திடம் நீட்டினாள். எருமை வைத்திருந்த வீடு, தவிட்டுக்குப் பஞ்சமில்லை. பேகம் ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். தவிட்டுக்கு விற்ற பிள்ளையை எமன்கூடச் சீந்தமாட்டான் என்பது ஊர் நம்பிக்கை. பேரும் அப்படியே அமைந்தது. வளர்த்தது மட்டும் பழனாத்தாள்.

ஐந்து வயதில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டிருக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இந்த மகராசி பயந்துகொண்டு, அடுத்த தை ஆகட்டும், அடுத்த தை ஆகட்டும் என்றே பதினெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். "உங்க புள்ளையா?" என்று யாராவது கேட்டால் போதும், "இல்லீங்க, பேகத்தோட புள்ள" என்பாள். ரம்ஜானுக்குத் துணி எடுத்து வரும் பேகமோ, "என்ற மக" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லுவாள். பெற்றவள் வாயால் அதை ஒரு தடவை கேட்டுவிடமாட்டோமா என்று தவிட்டம்மாள் ஏங்கியது கொஞ்சநஞ்சமல்ல.

1967இல் அதே கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் ரத்தினசாமிக்கு அவளைப் பேசி முடித்தார்கள். முகூர்த்த வேளையில் தாரை வார்க்கக் கூப்பிட்டால், பழனாத்தாள் எழவே இல்லை.

"அடுத்தவங்க புள்ளைய நா எப்பிடீங்க குடுக்கறது?"

மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். "இன்னிக்குமாம்மா?" என்று மணப்பெண் அழுதேவிட்டாள்.

கூட்டத்தில் நின்ற பேகம் முன்னால் வந்தாள். "தவுடு இருக்குதா பழனாத்தா?"

இருந்தது. வருஷம் தவறாமல் புதுத் தவிடு மாற்றி, அடுக்குப்பானையில் எடுத்து வைத்திருந்தாள் பழனாத்தாள். முறத்தில் கொட்டிக் கொண்டுவந்தாள். இத்தனை வருஷமும் தன்னை மீட்க அம்மா தயாராக இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் பெண்ணுக்குத் தெரிந்தது.

பேகம் தவிட்டை முந்தானையில் வாங்கிக்கொண்டு, பெண்ணின் கையைப் பிடித்துப் பழனாத்தாள் கையில் வைத்தாள். "உன்ற புள்ளைய நீயே வெச்சுக்க. இனி ஒண்ணும் ஆவாது. அல்லா இருக்கான்."

"என்ற புள்ள" என்றாள் பழனாத்தாள். ஒரு தடவை சொன்னவள் நிறுத்தவே இல்லை. "என்ற கண்ணு, என்ற மக" என்று மேளச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள். தவிட்டம்மாள் இருவர் காலிலும் விழுந்தாள். எத்தனை தடவை விழுந்தாலும் தகும் என்று அவளுக்குத் தோன்றியது.

கல்யாணம் கழிந்து வேலைக்குப் போனபோது, மேனேஜர் ஆஜர் புத்தகத்தை விரித்தார். "இந்தப் பேரைத் தனலட்சுமின்னு மாத்திப் போட்டுரட்டுமா?"

தவிட்டம்மாள் அவரை நேராகப் பார்த்தாள்.

"வேண்டாமுங்க, இதே இருக்கட்டுங்க. ரெண்டு தாயி தவுடு குடுத்து வேணும்னு வாங்கின புள்ளைங்க நானு."