கையுறை கேட்ட ஆயுத பூஜை

அப்பா காண்ட்ராக்டில் வேலை செய்த கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனிக்குள் ஆயுத பூஜையன்று மட்டும் எங்களையும் விடுவார்கள். அன்று உலைக்கு ஓய்வு. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், எங்களுக்குப் பொரி.

நான் நாலாவது படித்த வருஷம், பிள்ளைகளுக்குப் புதையல் வேட்டை நடத்தும் பொறுப்பை மேனேஜர் அப்பாவிடம் கொடுத்தார். விஷயம், பாதுகாப்பு. ஹெல்மெட், கண்ணாடி, பூட்ஸ், கையுறை எல்லாம் ஒளித்து வைக்கப்படும். முதலில் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு வருபவருக்கு ஸ்கூல் பேக். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரிச் சோற்றைக் குவித்து அதை உலை என்பார், அப்பளத்தை ஸ்டோர் என்பார், எதை எங்கே ஒளிப்பது என்று யோசிப்பார்.

"மெதுவா பேசுய்யா, பொண்ணு கேட்டுக்கினு கீது" என்று அம்மா அதட்டுவாள்.

சத்தியமாக நான் எதையும் கேட்கவில்லை. வாழைக்கன்றுக்குப் பின்னால் ஹெல்மெட், பொரி மூட்டைக்கடியில் பூட்ஸ் என்று நானே தேடி எடுத்தேன். எல்லாம் பிரிக்காத கவரில் புத்தம் புதுசு. கடைசியாகக் கிடைத்த தோல் கையுறை முழங்கை வரை வந்தது. அப்பாவின் கையெல்லாம் தீப்பொறி பட்ட புள்ளிகள். இதை மாட்டினால் சுடவே சுடாதே என்று நினைத்தேன். பேக் ஆசை போயே போய்விட்டது.

"பேகு வாணாம் சார். இந்த கிளவுஸ எங்கப்பாக்கு குட்த்துடுங்க. வேலை செய்யசொல்ல அவருக்கு கை சுடுது" என்றேன் மைக்கில்.

கைதட்டல் நின்றுவிட்டது. மேனேஜர் மட்டும் சிரித்தார். அப்பா ஓடிவந்து கையுறையை உருவினார்.

"சின்னப் புள்ள சார், தெரியாம பேசுது. மனசுல வச்சிக்காதீங்க."

ஒளித்த சாமான்களையெல்லாம் அவரே சேகரித்து ஸ்டோரில் ஒப்படைத்தார். பேக்கை என் தோளில் மாட்டிவிட்டார்கள். வண்டியை அவர் எங்கும் நிறுத்தாமல் வீட்டுக்கு விரட்டினார். ஜெயித்தும் திட்டு வாங்கப் போகிறேனே என்று எனக்கு அழுகையாக வந்தது. ஆனால் அவர் திட்டவேயில்லை.

லீவு முடிந்து அப்பா வேலைக்குப் போன காலையில் அம்மா அடுப்பையே பற்றவைக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மணி அடித்ததும் எடுத்தாள்.

"உள்ள வுட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

தினமும் போகிற கம்பெனிதானே, விடாமல் என்ன செய்வார்கள் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.