பாண்டியிடம் பிளாட்டரை மட்டும் விசாரித்தேன்

முத்துப்பாண்டி போய்விட்டான். நேற்று சாயங்காலம்... நெஞ்சுவலி. எனக்குக் காலையில்தான் தெரிந்தது.

நாற்பத்தொரு வயது. எனக்கும் அதே வயதுதான். கேட்டதிலிருந்து என் நெஞ்சிலும் ஏதோ அடைக்கிற மாதிரியே இருக்கிறது.

கே.கே. நகரில் ஒரு கட்டட டிசைன் ஆபீஸ். கம்ப்யூட்டரில் கேட் சாஃப்ட்வேர் வைத்துப் பிளான் வரைகிற வேலை. எட்டு வருடமாக அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து சிஸ்டம்.

பெரிய ஷீட் அடிக்கும் பிளாட்டர் நெட்வொர்க்கில் காணாமல் போனால், மொத்த ஆபீஸும் "பாண்டி" என்றுதான் கத்தும்.

ஒருமுறை ஏழு தடவை பிரிண்ட் கொடுத்தும் எனக்கு ஒன்றும் வரவில்லை. பாண்டி முதலாளி ரூமுக்குப் போய் ஒரு கட்டுப் பேப்பரோடு வந்தான். "எல்லாம் அங்கிட்டு சின்ன பிரிண்டர்ல வந்து கெடக்கு மாப்ள. மூணு மாடி வீட்ட உள்ளங்கைக்குள்ள அடக்கிட்டயே!"

பிரிண்டர் மாறினால் பேப்பர் அளவும் மாறும். கூடவே 'ஃபிட் டு பேப்பர்' டிக் விழுந்திருந்தால் படம் அந்தப் பேப்பருக்குள் அடங்கக் கொஞ்சமாகச் சுருங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது.

அதனால் ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் எந்த ஷீட்டையும் சுருட்டவிடமாட்டான். ஒரு தடவை என் ஷீட்டில் பத்தடி, ஒன்பதரை அடியாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் கிழித்துப் போட்டான்.

"நீ எம்புட்டு அளவு எழுதுனாலும் மேஸ்திரி படிக்கமாட்டாரு மாப்ள. பேப்பர்ல ஸ்கேல வச்சுத்தான் அளப்பாரு."

நேற்று அவன் லீவு. 'கேஸ் ட்ரபிள்' என்று மெசேஜ் போட்டிருந்தான். மதியம் பார்த்தால் பிரிண்டர் லிஸ்டில் பிளாட்டரே இல்லை, வாசலில் ஷீட்டுக்காகச் சைட் வண்டி நிற்கிறது. அவனுக்குத்தான் போன் போட்டேன்.

"ஐபி நம்பர் மாறிருக்கும் மாப்ள... பழசத் தூக்கிட்டு... புதுசா ஆட் பண்ணு..." மூச்சு வாங்கியது. எனக்கு நன்றாகவே கேட்டது.

"சரி, பேப்பர் சைஸ் எதுடா குடுக்கணும்?" என்றுதான் கேட்டேன்.

ஷீட் வந்தது. சுருட்டினேன். அனுப்பினேன்.

காலையில் செய்தி வந்த பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. அந்த டிக்கை எடுத்தேனா? ஸ்கேல் வைத்தேனா? எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

ஆபீஸைத் திறந்து ஃபைலைப் பார்த்தேன். சேவ் பண்ணாமல் மூடியிருக்கிறேன். பழைய செட்டிங்தான் இருக்கிறது; நேற்று எதைக் கொடுத்தேன் என்று அதில் தெரியாது.

கொட்டாம்பட்டி பக்கத்தில் ஒரு வீடு. குழி வெட்டி, கம்பி கட்டியாகிவிட்டது. அந்த ஷீட்டை வைத்துத்தான் தூண்களின் இடத்தைக் குறித்து, பத்து மணிக்குக் கான்கிரீட் கொட்டுவார்கள். மேஸ்திரி போன் சுவிட்ச் ஆஃப்.

அந்த வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும். இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். பயமாக இருக்கிறது... வேறு எப்படிச் சொல்வது?

செல்லூரில் பாண்டியைப் பத்தரைக்கு எடுக்கிறார்கள். ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். "அண்ணே, எங்க வாரீங்க?" என்று அவன் தம்பி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

நான் கொட்டாம்பட்டி பஸ்ஸில் இருக்கிறேன். மேலூர் தாண்டியாயிற்று. மணி ஒன்பது இருபது.

மாப்ள, உன் முகத்தப் பாக்க வரலடா. நேத்து உனக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல... மன்னிச்சுரு. போயிட்டு வா.