வெண்டல் க்ரூமின் நூறடி டேப்

வெண்டல் க்ரூம் அடுத்தவர் சொன்ன எண்ணை நம்புவதை விட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. மீன்கடையில் ஐந்து பவுண்டு கெளுத்தி வாங்கினால், தன் தராசில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மனைவி மாடீனிடம் கொடுப்பார். மச்சினன் தான் பிடித்த மீன் இவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் காட்டினால், "அப்படியே நில்லு, கையை எடுக்காத" என்று சொல்லிவிட்டு அளவுகோலை எடுக்க எழுந்துபோவார். இதனால் அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற வீடுகள் குறைந்துபோயின. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

இது பிறவிக் குணம் இல்லை. ஒரு காலத்தில் அவர் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு ஆள் பிடிக்கிற வேலையில் இருந்தார். ரன்னிங் பேக்குகளைத் தேடுவது அவர் பங்கு. பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, முந்நூறு பவுண்டு ஆட்களின் நடுவே புகுந்து ஓட வேண்டியவன் அவன். உடம்பும் வேண்டும், வேகமும் வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது: உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம், எடை இருநூற்றைந்து, நாற்பது கஜ ஓட்டம் நான்கு புள்ளி நான்கு நொடி. வெண்டல் காகிதத்தை நம்பிக் கையெழுத்து வாங்கினார். வந்து இறங்கியவன் ஐந்தடி எட்டரை, எடை நூற்று எண்பத்தொன்று, ஓட்டம் நான்கு புள்ளி ஏழு. அந்தப் பையனைப் பார்த்து மற்ற பயிற்சியாளர்கள் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் வெண்டலின் வேலை போய்விட்டது.

பிறகு மிஸிஸிப்பி மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு சின்னக் கல்லூரியில் அதே வேலை, பாதிச் சம்பளத்துக்குக் கிடைத்தது. கிளம்பிய அன்று மாடீன் ஒரு தோல் உறையை நீட்டினாள். உள்ளே நூறடித் துணி டேப். "இனிமே எவன் பேச்சையும் கேக்காத. நீயே அளந்து பாரு" என்றாள். அவள் சொன்னது ஒரு நாள் கோபத்தில். இவர் அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் கார் டிக்கியில் ஒரு தராசு, உயரம் பார்க்க எஃகு அளவுகோல், ரசமட்டம், ஓட்டக் கடிகாரம், இந்த டேப் எல்லாம் இருக்கும். தராசு சரிதானா என்று பார்க்க இருபத்தைந்து பவுண்டு ஈயக்குண்டுப் பை ஒன்றும் உண்டு. ஊர் ஊராகப் போய்ப் பயிற்சியாளர்களின் தில்லுமுல்லுகளைக் கண்டுபிடித்தார். தராசில் ஏறுமுன் இரண்டு குடம் தண்ணீர் குடிக்க வைத்தவன், காலுறைக்குள் மீன்பிடி ஈயத்தைச் செருகியவன், சரிவில் ஓடவிட்டவன் என்று யாருடைய பருப்பும் அவரிடம் வேகவில்லை. எல்லாவற்றையும்விட அவரை எரிச்சலூட்டியது ஓடுபாதைதான். நாற்பது கஜம் என்றால் நூற்றிருபது அடி. அவர் போன முக்கால்வாசிப் பள்ளிகளில் பாதை இரண்டரை அடி குறைவாக இருந்தது. திடலில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவனே பயிற்சியாளரின் ஆள், அவன் வேறு எப்படிப் போடுவான்? எல்லோரும் ஒரே அளவுக்குத் திருடுகிறார்களே என்று வியந்து, இதற்கென்று கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள் என்றும் முடிவுக்கு வந்தார்.

டேப்பைப் பிடிக்கக்கூட அவர் யாரையும் விடமாட்டார். தொய்வாகப் பிடித்து ஏமாற்றிவிடுவார்கள். ஒரு முனையை ஆணியடித்து மாட்டிவிட்டு, மறுமுனையைத் தன் இருநூற்று நாற்பது பவுண்டு உடம்பையும் சாய்த்து இழுப்பார். பிறகு முடிவுக்கோட்டைத் தள்ளிவைத்துப் பையன்களை ஓடச் சொல்வார்.

ஒரு விசித்திரம் உண்டு. அவர் சேர்த்த பையன்கள் கல்லூரித் திடலில் ஓடும்போது, ஒவ்வொருவனும் ஒரு நொடியின் நூற்றில் எட்டுப் பங்கு முன்னதாகவே ஓடி முடிப்பான். நம் பயிற்சி அப்படி என்று வெண்டல் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இந்த வருடம் ஜனவரி கடைசியில், பிளம் க்ரீக் பள்ளியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. கல்லூரியில் ஆட்டக்காரர்களுக்கான இலவசப் படிப்பு இடம் ஒன்றே ஒன்று மீதி. பையன்கள் கல்லூரியில் சேரக் கையெழுத்துப் போடும் புதன்கிழமைக்கு ஐந்து நாள்தான். காகிதத்தைப் படித்ததும் வெண்டலுக்கு மூக்கில் வேர்த்தது.

டெரல் மேப்ரி. உயரம் ஐந்தடி ஏழு. எடை நூற்று அறுபத்தெட்டு.

எந்தப் பயிற்சியாளனாவது தன் பையனை ஐந்தடி ஏழு என்று எழுதுவானா? ஐந்தடி ஏழு என்றால் ஐந்தடி ஒன்பது என்று எழுதுவதுதான் மாநில வழக்கம். காகிதத்தின் அடியில் பெயர்: பயிற்சியாளர் ரேபர்ன் போஸி. எங்கேயோ கேட்ட பெயராக இருந்தது.

"உண்மையை எழுதியிருக்கானோ என்னமோ" என்றாள் மாடீன்.

"உண்மையை எழுதினா அதைவிடப் பெரிய உண்மை எதையோ மறைக்கிறான்னு அர்த்தம். முட்டி ஒடிஞ்சிருக்கும். இல்ல, பரீட்சையில முட்டை."

"பையன் ஒழுங்காவும் இருக்கலாம் இல்ல?"

"நீதானே டேப்பைக் குடுத்தே?" என்று வாயை அடைத்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார்.

பிளம் க்ரீக் திடலில் ரேபர்ன் போஸி காத்திருந்தான். இருபத்தொன்பது, முப்பது வயது, அகலமான தோள். பக்கத்தில் டெரல் குதித்துக்கொண்டு நின்றான். வேலிக்கு வெளியே ஒரு பழைய நீலப் பிக்கப் வண்டி, உள்ளே தொப்பி போட்ட வயசாளி. இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. இவன்தான் அங்கிருந்து ஏதாவது சாடை காட்டப்போகிறான் என்று வெண்டல் குறித்துக்கொண்டார்.

முதலில் உயரம். எஃகு அளவுகோல் ஐந்தடி ஏழு என்றது. தராசு நூற்று அறுபத்தெட்டு என்றது. வெண்டல் காலுறையைக் கழற்றச் சொன்னார், வாயைத் திறக்கச் சொன்னார், முட்டியை மடக்கிப் பார்த்தார். மதிப்பெண் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருக்க இருக்க அவர் சந்தேகம் வளர்ந்தது.

"எங்க காலேஜ் சட்டம் தெரியுமில்ல?" என்றார் ரேபர்னிடம். "அஞ்சடி பத்து, இருநூறு பவுண்டு இருந்தா நாலு புள்ளி ஆறு போதும். அதுக்குக் கீழே குள்ளனா இருந்தா நாலு புள்ளி அஞ்சு. ஒரு துளி கூடினாலும் கிடையாது."

"சட்டம் எனக்கு நல்லாத் தெரியும் மிஸ்டர் க்ரூம்."

வெண்டல் ஆணியடித்து டேப்பை இழுத்தார். நூறடி, அப்புறம் இருபதடி. எதிர்பார்த்தபடியே பாதை இரண்டரை அடி குறைவு.

"கோடு போட்டது யாருய்யா? கண்ணு தெரியாதவனா?"

ரேபர்ன் வேலிப்பக்கம் ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான். வெண்டல் முடிவுக்கோட்டை இரண்டரை அடி தள்ளிவைத்தார். டெரல் ஓடினான். தரையோடு தரையாகக் குனிந்து அவன் கிளம்பிய விதத்தைப் பார்த்ததும் வெண்டலுக்கு நெஞ்சு ஒரு முறை துள்ளியது. இப்படி ஒருவன் தடியன்களின் முதுகுக்குப் பின்னால் ஓடினால், வெளியே வரும் வரை யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். கடிகாரம் நான்கு புள்ளி ஐந்து ஏழு என்றது.

"பத்தாது" என்றார் வெண்டல். டெரலின் முகம் வாடியது. கோழி உரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற அவன் அம்மா, திங்கட்கிழமை முதல் அவனுக்கும் அங்கே வேலை சொல்லிவைத்திருந்தாள். இந்த இடம் இல்லையென்றால் அதுதான்.

"ஒரு நிமிஷம்" என்ற ரேபர்ன், கொட்டகைக்குப் போய் ஆட்டச் சங்கிலியைத் தூக்கி வந்தான். இரண்டு கம்புகளுக்கு நடுவே பத்துக் கஜம் நீளம், ஆட்டத்தில் பந்து போதிய தூரம் போனதா என்று தீர்ப்புச் சொல்வது அதுதான். பந்து ஒரு விரற்கடை குறைந்தாலும் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சங்கிலியைப் பார்க்கும். அதன் தீர்ப்பை எதிர்த்து வெண்டலும் பேசியதில்லை. ரேபர்ன் தொடக்கக்கோட்டிலிருந்து நான்கு முறை சங்கிலியை நீட்டினான். நான்காவது முறை கம்பு பழைய முடிவுக்கோட்டின் மேல் நின்றது.

"சங்கிலியில கண்ணியைக் கழட்டியிருக்கே" என்றார் வெண்டல். "நான் நேத்துப் பொறந்தவன் இல்ல."

"அப்ப உங்க டேப்பாலயே சங்கிலியை அளங்க."

டேப் இருபத்தொன்பது அடி ஐந்து அங்குலம் என்றது. "பாத்தியா? ஏழு அங்குலம் குறைச்சல்!" என்று வெண்டல் கத்தினார். கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம்.

"சரி. இப்ப உங்க இரும்பு அளவுகோலால அளங்க. அதுவும் உங்களுதுதானே? நான் தொடவே மாட்டேன்."

வெண்டல் மண்டியிட்டு அளந்தார். முப்பதடி. மறுபடி அளந்தார். முப்பதடி. டேப்பை அளவுகோலின் பக்கத்தில் விரித்தார். டேப்பில் ஓர் அடி என்று போட்டிருந்த இடம், எஃகில் ஓர் அடியைத் தாண்டிப்போய் நின்றது. பத்தடிக்குப் போனால் இரண்டரை அங்குலம் தாண்டியது. ஈரப் புல்லும், டிக்கியின் வெயிலும், இருநூற்று நாற்பது பவுண்டும் சேர்ந்து அந்தத் துணியை எப்போதோ நீட்டிவிட்டிருந்தன. எவனும் தொய்வாகப் பிடித்து ஏமாற்றிவிடக் கூடாது என்று இழுத்த இழுப்பு. தராசுக்கு ஈயக்குண்டுப் பை வைத்திருந்தவர், மாடீன் கொடுத்த டேப்பை ஒருநாளும் சரிபார்க்கவில்லை.

அவர் மண்டியிட்டபடியே இருந்தார். எத்தனை திடல், எத்தனை பையன்கள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"பதினோரு வருஷமாத் தெரியும்" என்றான் ரேபர்ன். "இதே பாதையில நான் ஓடினேன். அஞ்சடி பத்து, இருநூத்தி ஒண்ணு. நீங்க கோட்டைத் தள்ளிவச்சு, நாலு புள்ளி ஆறு எட்டுன்னு எழுதிக்கிட்டுப் போனீங்க. திடல் வேலைக்காரரைப் பாத்து, பசங்க முன்னாடியே, பொய்யன்னு சொன்னீங்க. அது எங்கப்பா. நீங்க போனப்புறம் அவரு இந்தப் பாதையை மூணு தடவை அளந்தாரு. சங்கிலியாலயும் அளந்தாரு."

"அன்னைக்கே போன் பண்ணியிருக்கலாமே!"

"நாலு தடவை பண்ணாரு. 'எல்லாப் பொய்யனும் இதைத்தான் சொல்றான்'னு வச்சிட்டீங்க."

வெண்டலுக்கு அது நினைவில்லை. ஆனால் தான் சொல்லியிருக்கக்கூடியதுதான் என்று தெரிந்தது.

தன் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர் ஹாலிஸ் ஸ்டோவலைப் போனில் கூப்பிட்டு, எதையும் மறைக்காமல் சொன்னார்.

"யோவ் வெண்டல், அந்த ஊர்க்காரன் உனக்கு என்னய்யா குடுத்தான்? அஞ்சடி ஏழுல ஒரு பொடியன், அவனுக்காகப் பதினாலு வருஷக் கணக்கும் தப்புங்கறே. என்னை என்ன கேனைன்னு நினைச்சியா?"

"நான் சொல்றதை நம்பாத ஹாலிஸ். நாளைக்கு நம்ம திடல்ல நீயே ஓடவிட்டுப் பாரு."

"பாக்கத்தான் போறேன். உன் கடிகாரத்தை வீட்ல வச்சிட்டு வா."

வாழ்க்கையில் முதல் முறையாக வெண்டலின் எண்ணை ஒருவர் நம்ப மறுத்தார். அது எப்படி வலிக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

சனிக்கிழமை டெரலும் ரேபர்னும் அவன் அப்பாவும் அந்த நீலப் பிக்கப்பிலேயே கல்லூரித் திடலுக்கு வந்தார்கள். முடிவுக்கோட்டில் மூன்று பயிற்சியாளர்கள், மூன்று கடிகாரம். வெண்டல் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். டெரல் ஓடி முடித்ததும் ஒருவர் நான்கு புள்ளி நான்கு எட்டு என்றார், அடுத்தவர் நான்கு புள்ளி நான்கு ஒன்பது என்றார். ஸ்டோவல் தன் கடிகாரத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நாலு புள்ளி அஞ்சு. மூணுல எது மோசமோ அதைத்தான் எடுப்பேன்" என்றார். பிறகு டெரலை மேலும் கீழும் பார்த்தார். "குள்ளப் பயலே, புதன்கிழமை பேனாவோட வா. நிறையச் சாப்பிடு." டெரல் ரேபர்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல் இருவரும் புல்லில் விழுந்தார்கள்.

வெண்டல் பிக்கப்பை நோக்கி நடந்தார். உள்ளே இருந்த ரேபர்னின் அப்பா ஆல்விஸ் போஸி கண்ணாடியை இறக்கவில்லை. வெண்டல் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்துப் பிறகுதான் இறக்கினார்.

"மிஸ்டர் போஸி, உங்க கோடு நூத்தியிருபது அடி. சரியாத்தான் போட்டிருந்தீங்க."

"தெரியும். போட்டவன் நான்தானே."

"உங்களைப் பசங்க முன்னாடி பொய்யன், திருடன்னெல்லாம் சொல்லிட்டேன்."

"பொய்யன்னுதான் சொன்னே. திருடன்னு சொல்லல" என்றார் கிழவர். சொல்லாததைச் சொன்னதாக அவர் ஏற்றுக்கொள்ளமாட்டார். "நீ எழுதிக்கிட்டுப் போன நோட்டு இருக்கா? எம்பையன் அன்னைக்கு எவ்வளவு ஓடினான், சரியான கணக்குப்படி?"

வெண்டல் முந்தின இரவே தேடி எடுத்துப் பையில் வைத்திருந்த பழைய நோட்டைத் திறந்தார். போஸி, நான்கு புள்ளி ஆறு எட்டு. பக்கத்தில் தன் கையெழுத்திலேயே: 'பாதை குறைவு. நம்பாதே.' நீண்ட டேப் கூட்டிவிட்ட நூற்றில் எட்டைக் கழிக்கப் பேனா தேவைப்படவில்லை.

"நாலு புள்ளி ஆறு."

"அவன் உடம்புக்கு எவ்வளவு வேணும்னு கேட்டே?"

வெண்டல் மறுபடி நோட்டைப் பார்த்தார். "நாலு புள்ளி ஆறு" என்றார்.

ஆல்விஸ் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு வருஷம் கோழி உரிச்சான். பத்து மணி நேரம் நின்னுட்டு வந்து ராத்திரியில படிச்சுத்தான் வாத்தியாரானான். அன்னைக்கு நான் நல்லா ஓடலப்பான்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டிருக்கான். டேப்பு தப்புன்னு தெரியும், ஆனா எவ்வளவு தப்புன்னு அவன் கணக்குப் போட்டதே இல்ல. போட்டா என்ன வருமோன்னு பயம்." அவர் கண்ணாடியை ஏற்றத் தொடங்கினார். "நான் சொல்ல மாட்டேன். நீ போய்ச் சொல்லு."

திடலில் ரேபர்ன் சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு, சிரித்தபடி எழுந்து நின்றான். வெண்டல் நோட்டை மூடாமல் அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு அவனை நோக்கி நடந்தார்.