சுரண்டியின் உடம்பில் மூண்ட புகை

பழைய கதவு, அலமாரிகளில் பெயிண்ட் உரிப்பது தொழில் என்பதால் அவருக்குச் சுரண்டி என்றே பேர் நிலைத்துவிட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். உரிக்கும் மருந்தின் நெடி தலைக்கேறினால் வெளியே வந்து காற்று வாங்கினால் போதும் என்பார். இருபத்தெட்டு வருஷமாக அதுதான் அவர் அறிந்த வைத்தியம்.

அன்று நல்ல மழை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவரும் மச்சானும் மூன்று மணி நேரம் உரித்தார்கள். இருவருக்கும் தலை கிறுகிறுத்தது. "போய்ப் படுடா, சரியாயிடும்" என்று மச்சானை அனுப்பிவிட்டு வீடு வந்தவர் வாசலிலேயே வாந்தி எடுத்தார்.

"ஒண்ணுமில்ல, விடு."

"வாய மூடிக்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. ஒரு கையில் புருஷன், மறுகையில் அவர் கொண்டுவந்திருந்த பெயிண்ட் உரிக்கும் மருந்து டப்பா. இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

விரலில் கிளிப் மாட்டினார்கள். ஆக்சிஜன் தொண்ணூற்றொன்பது.

"பாத்தியா? குத்துக்கல்லாட்டம் இருக்கேன். கெளம்பு."

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் படித்தார். "உக்காருங்க. ரத்தத்துல ஏறியிருக்கிறது எந்த வாயுன்னு இந்தக் கிளிப்புக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது" என்று ரத்தம் எடுத்துவிட்டு ஆக்சிஜன் மாட்டினார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். இறங்கியிருக்க வேண்டிய விஷவாயுவின் அளவு அசையவே இல்லை.

"நான்தான் வெளிய வந்துட்டேனே மேடம்?"

"நீங்க வந்துட்டீங்க, மருந்து உள்ளதானே இருக்கு? அதை வெளிய தள்ளணும்னு உங்க கல்லீரல் உடைக்குது. உடைக்கறப்ப கார்பன் மோனாக்சைடு வருது. மூடின ரூம்ல கரி எரிச்சா ஆளைக் கொல்லுதே, அதே வாயு. நல்ல காத்துல உக்காந்திருந்தாலும் மணிக்கணக்கா ஊறிக்கிட்டே இருக்கும். உங்ககூட வேற யாராவது வேல செஞ்சாங்களா?"

"என் மச்சான்" என்றார் சுரண்டி. மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. மச்சான் அவளுடைய ஒரே தம்பி. தனிக்கட்டை, உள்தாழ்ப்பாள் போட்டுத் தூங்குபவன்.

டாக்டரம்மா அவன் முகவரிக்கு ஆம்புலன்ஸ் அனுப்பினார். இவர்கள் போன் மேல் போன் போட்டார்கள். ஐந்தாவது தடவை எடுத்தான். நாக்குக் குழறியது.

"தூக்கம் வருது மாமா..."

"தூங்காதடா. எதையாவது பேசு. என்னைத் திட்டு."

மூச்சு மட்டும் கேட்டது. அவனை வேலைக்குக் கூட்டிப் போனதும் தனியே அனுப்பியதும் தான்தானே என்று சுரண்டி அழுதார். பத்து நிமிஷம் அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார். அப்புறம் போனுக்குள் யாரோ கதவை இடிக்கும் சத்தம்.

"ஆம்புலன்ஸ் வந்துடுச்சு, எழுந்து தெறடா!"

காலடி இழுபட்டது. ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது.