அம்மா சேலையும் பரு மருந்தும்

அம்மா இறந்தபின் சேலைகளை அக்காவும் சித்திகளும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அம்மா உடுத்தியிருந்த கருநீலச் சேலை. துவைக்காதது. அதில் அம்மாவின் வாசம் இருந்தது. தலையணைமேல் அதை மடித்துப் போட்டு, கன்னத்தை வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அந்த வாசம் போய்விடக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த மாதங்களில்தான் முகமெல்லாம் பரு கிளம்பியது. சீழ் வைத்து, தொட்டாலே வலிக்கும் பரு. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு அறந்தாங்கியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். கூட நிற்கும் பெண், "என்னடி, மொகத்துல மொளகாத் தோட்டம் போட்டுருக்க? நல்லாக் காய்ச்சிருக்கே" என்றாள். நானும் சிரித்து வைத்தேன். அவளேதான் மெடிக்கலில் ஒரு டியூப் வாங்கித் தந்தாள். பூசியதும் முகம் பளபளவென்று ஆனது. டியூப் தீர்ந்ததும் முன்னைவிட மோசமாக வந்தது. மறுபடி வாங்கினேன். கடைசியில் பூசினாலும் வந்தது. துணிக்கடை முதலாளி என்னை, வருகிறவர்கள் கண்ணில் படாமல், மாடியில் உட்கார்ந்து சேலை மடிக்கச் சொல்லிவிட்டார்.

அக்காதான் என்னைப் புதுக்கோட்டையில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். அவர் டியூபைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. இதாலயே பரு வரும். இன்னையோட நிறுத்திருங்க. தலைக்கு எண்ணெ வப்பீங்களா?"

அக்கா முந்திக்கொண்டாள். "வடிய வடிய வப்பா டாக்டர். தாளிக்கக்கூட மிச்சம் வக்க மாட்டா."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மொகத்துல எறங்கி துவாரத்த அடைக்கும். கொறச்சுக்கங்க."

"அம்மா செத்ததுலேர்ந்து இவ சரியாத் தூங்குறதில்லங்க. அந்தக் கவலதானோ?"

"கவலையில கூடும். ஆனா கவலை மட்டும் காரணமில்ல. வயசு, ஹார்மோன், கிருமி எல்லாம் சேர்ந்துதான் வருது."

ராத்திரி பூசிக்கொள்ள ஒரு ஜெல் எழுதித் தந்தார். "அந்த டியூப நிறுத்துனதும் கொஞ்ச நாளைக்கு மோசமாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. கிள்ளாதீங்க. பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். இன்னொண்ணு, இந்த ஜெல் கலர் துணியில பட்டா சாயம் போயிரும். தலகாணிக்கு வெள்ளத் துணி போடுங்க."

வெள்ளைத் துண்டை விரித்தேன். சேலையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு படுத்தேன். தூக்கத்தில் கன்னம் எங்கே போகிறது என்று யார் கண்டது?

ஒரு காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கருநீலத்தில் ஆரஞ்சு ஆரஞ்சாகத் திட்டு. சில இடம் வெளுத்தே போயிருந்தது. கத்திவிட்டேன். அக்கா ஓடி வந்தாள்.

"சாயந்தானடி போச்சு. இதுக்கா இந்தக் கத்து கத்துற?"

"வாசம் இருக்கான்னு பாருக்கா. எனக்கு ஒண்ணுமே தெரியல."

அக்கா முகர்ந்தாள். திட்டுப் படாத இடத்தில், முந்தானையில், கரையில். மறுபடியும் முந்தானைக்கே வந்தாள்.

"சொல்லுக்கா."

"ஒன் தல எண்ணெ வாடதான்டி வருது. ரொம்ப நாளாவே அப்படித்தான் இருந்திருக்கும்."

பிடுங்கி நானும் முகர்ந்தேன். எண்ணெயும் மருந்தும்தான். இத்தனை நாளும் அம்மா என்று நினைத்து என்னையேதான் முகர்ந்துகொண்டு கிடந்திருக்கிறேன். அம்மாவின் வாசம் என்றைக்குப் போனது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

"குடு, துவச்சுத் தாரேன்."

"வேணாம்."

"அதான் ஒண்ணுமில்லன்னு ஆச்சுல்ல. இன்னும் என்னத்துக்குடி?"

சேலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஜெல்லைத் தவறாமல் பூசுகிறேன். பரு அடங்கி வருகிறது, தழும்புதான் மிச்சம். கடையில் மாடியிலிருந்து கீழே வரச் சொல்லிவிட்டார்கள். முகம் நல்லாயிருக்கே என்று யாராவது சொன்னால் எரிச்சலாக வருகிறது. சேலை பீரோவில், பிளாஸ்டிக் பைக்குள் கட்டிக் கிடக்கிறது. பையை அவிழ்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.